எல்லாருக்கும் முதல் பிரதி

திருச்சி கே.கே. நகரிலிருந்து 'மைத்தடம்' என்றொரு காலாண்டிதழ் வந்துகொண்டிருந்தது. அச்சோவியம் சேகரிப்பவர்களுக்கான இதழ். அப்படியும் ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்களா என்றால், அறுபது பேர் இருந்தார்கள். அவர்களில் சிலர் ஒருவரோடொருவர் பேசவும் செய்தார்கள்.

ஆசிரியர் லூர்துராணி இதழுக்கு ஒரு படத்தை மரப்பலகையில் செதுக்குவார். மை தடவி, காகிதத்தை அழுத்தி, அறுபது பிரதி எடுப்பார். ஓரத்தில் பென்சிலால் 1/60, 2/60 என்று எண் போட்டுக் கையெழுத்திடுவார். பிறகு பலகையின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கிழித்துவிடுவார். அறுபத்தொன்றாவது பிரதி என்ற பேச்சுக்கே இடமில்லை. தன் பென்சில் பொய் சொல்லாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இதழுக்குத் தபால் சலுகை இருந்தது. அது போனால் இதழும் போய்விடும். சலுகையை ஆண்டுதோறும் பரிசீலித்து அருள்வது மன்னார்புரத்திலிருந்த பருவ இதழ் ஒருமைப்பாட்டு அலுவலகம். அங்கே அதிகாரி ஜனார்தன் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"மேடம், இதுல பதினேழுன்னு இருக்கு. அதுல பதினெட்டுன்னு இருக்கு."

"ஆமாங்க சார். இது பதினேழாவது, அது பதினெட்டாவது."

"ஒரு இதழோட பிரதியெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். வேற வேற மாதிரி இருந்தா வேற வேற இதழ். நீங்க நடத்துறது ஒரு பத்திரிகை இல்லைங்க, அறுபது பத்திரிகை. அறுபது விண்ணப்பம் குடுங்க."

அறுபதுக்கும் தனித்தனி ஆசிரியர் வேண்டுமா என்று லூர்துராணி கேட்டார். கேலி என்று தெரியாமல் ஜனார்தன் சற்று யோசித்தார். ஆசிரியர் ஒருவரே போதும், பெயர்தான் அறுபது வேண்டும் என்றார். பிறகு மனமிரங்கி ஒரு வழியும் சொன்னார்.

"எண் போடாதீங்கன்னு நான் சொல்லலை. எல்லாத்துலயும் ஒரே எண்ணா போடுங்க."

"எந்த எண் சார்?"

"அது ஆசிரியரோட சுதந்திரம். அதுல அலுவலகம் தலையிடாது."

நாற்பத்து மூன்று என்று போட்டால் அறுபது பேரும் கோபிப்பார்கள். ஆகவே எல்லாவற்றிலும் 1/60 என்றே போட்டார். முதல் முதல் பிரதியில் பென்சில் எழுத மறுத்தது. பத்தாவது முதல் பிரதியில் பழகிவிட்டது.

சந்தாதாரர் தில்லை நகர் டாக்டர் மாலினி, முதல் பிரதியைத் தனக்கு அனுப்பியதற்குப் போனில் குரலைத் தாழ்த்தி நன்றி சொன்னார். விஷயம் வெளியே தெரிந்தால் மற்றவர்கள் மனசு கஷ்டப்படும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உறுதியும் கொடுத்தார். அறுபது பேரும் அதே உறுதியைக் கொடுத்தார்கள். லூர்துராணிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சந்தாதாரர்கள் கூட்டம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆடிட்டர் ஹ்ருஷிகேஷ் பட்டுத்துணி போர்த்திய சட்டத்தோடு மேடையேறி, கொஞ்சம் தயங்குவதுபோல் தயங்கி, துணியை விலக்கினார். மாலினி இருமினார். தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். அதன்பின் மண்டபம் முழுக்க முதல் பிரதிகள் வெளியே வந்தன.

லூர்துராணி எழுந்து நடந்ததையெல்லாம் சொன்னார். இதழை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார்.

மண்டபத்தில் முதல் பிரதிகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்பிப் போயின. ஹ்ருஷிகேஷ் தன் சட்டத்தின்மேல் பட்டுத்துணியை மறுபடி போர்த்தினார்.

"இதைப் போய் சபையில சொல்லுவாளா? நீங்க எப்பவும்போல ஒண்ணே போடுங்கோ. நாங்க எங்களோடதை மட்டும் பார்த்துக்கறோம்."

இன்று இங்கே யாரும் எதையும் காணவில்லை என்று தீர்மானம் முன்மொழியப்பட்டது. மாலினி வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது.

லூர்துராணி ஒப்பவில்லை. சலுகை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த இதழில் ஒன்று முதல் அறுபது வரை ஒழுங்காக எண் போட்டு, ஸ்கூட்டரில் தானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஐம்பத்தொன்பது பேர் விலகினார்கள். ஒன்றாம் எண் கிடைத்த பிலோமின்ராஜும் விலகினார். பொறாமைப்பட ஆளே இல்லாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். அடுத்த காலாண்டில் இதழ் வரவில்லை.

அலுவலகத்திலிருந்து கடிதம்தான் வந்தது. மேற்படி காலாண்டில் வேறுபாடுள்ள பிரதி ஒன்றுகூட வெளியிடாமைக்காக 'மைத்தடம்' இதழுக்குப் பரிசு.

பரிசை மேஜைமேல் வீசிவிட்டு வருவது என்ற முடிவோடுதான் லூர்துராணி விழாவுக்குப் போனார். சான்றிதழில் 'முதல் பரிசு' என்றிருந்தது. பக்கத்திலிருந்த ஜோதிட இதழின் ஆசிரியர் தன்னுடையதை நெஞ்சோடு அணைத்திருந்தார். விரலிடுக்கில் 'முதல்' தெரிந்தது. அவருக்கு அடுத்தவரும் அணைத்திருந்தார். சான்றிதழ்களுக்குள் வேறுபாடு கூடாது என்று ஜனார்தன் மேடையில் விளக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் துக்கம் விசாரிப்பதுபோல் வந்த மாலினி, சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"முதல் பரிசா! மொத்தம் எத்தனை பேருக்குக் குடுத்தாங்க?"

லூர்துராணி சான்றிதழின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார்.

"முதல் பரிசுன்னா ஒருத்தருக்குத்தானே குடுப்பாங்க, டாக்டர்?"