கியர்பாக்ஸுக்குப் பொன்னாடை

இந்நாட்டுச் சங்க வரலாற்றில், ஒரே ஒரு லிட்டர் எண்ணெயைக் கொண்டு ஐந்து கூட்டங்கள் நடத்தவைத்த பெருமை எனக்கு மட்டுமே உரியது. அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

நான் புனிதன். கோலா சாவா பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்து மக்கள் நலச் சங்கத்தின் செயலாளர். சங்க வேனுக்கு ஓட்டுநரும் நானே. இரண்டு பதவிகளுக்கும் போட்டியின்றித் தேர்வானேன். மற்ற எல்லோரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வேனுக்கு இருபத்திரண்டு வயது. ஆட்டோ கியர். தலைவரைக் கல்யாணங்களுக்குக் கொண்டுபோவது போக, செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மங்கம்மா அக்காவை செனாவாங் டயாலிசிஸ் நிலையத்தில் விட்டு வருவது அதன் வேலை. காலை ஏழு மணிக்கு அக்காவுக்கு மெஷின். நான்கு மணி நேரம் ஓட வேண்டும். பிந்திப் போனால் பிந்திய நேரத்தை அதிலிருந்து கழித்துவிடுவார்கள். அடுத்த ஆள் வெளியே காத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூஜை நடந்துகொண்டிருந்தபோது வாகனப் பராமரிப்புக் காணொளி ஒன்றைக் கைப்பேசியில் பார்த்தேன். பக்தியின் காரணமாக ஒலியை அணைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கியர் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தால், எண்ணெய் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு நின்றது. மிகையான எதையும் நான் சகிப்பதில்லை. அடியில் படுத்து நட்டைத் திருகி ஒரு லிட்டரை இறக்கினேன். எஞ்சினை ஓடவிட்டு, சூடான பிறகுதான் அளக்க வேண்டும் என்பதை அந்தக் காணொளிக்காரர் வாயால் மட்டும் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ரந்தாவ் சாலை மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் ஆனை மாதிரிப் பிளிறியது. வேன் மட்டும் யோசித்துக்கொண்டே ஏறியது. பின்னால் வந்த செம்பனை லோரி, அடுத்து ஒரு மோட்டார்பைக், அதன் பின் ஒரு சைக்கிள் எங்களைக் கடந்தன. அக்கா சாலையைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக வந்தார்.

வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். நான் எண்ணெய் இறக்கியதைச் சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் தன்னைப் பற்றியே எழுதுவது நாகரிகமில்லை என்று பட்டதால் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் ஹேமநாதன், சத்தம் வருகிறது ஆனால் நகரவில்லை என்றால் அது பேட்டரி என்றார். பொருளாளர் சத்தியசீலன், வேனைத் தெற்குப் பார்த்து நிறுத்துவதுதான் காரணம் என்றார். வாக்கெடுப்பில் பேட்டரி ஆறு, தெற்கு ஐந்து. 'கியர் வழுக்குகிறது' என்ற சொல் சங்கத்தின் மானத்துக்கு இழுக்கு என்பதால், இனி அதைப் 'படிப்படியான முன்னேற்றம்' என்றே குறிப்பிட வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

புது பேட்டரி போட்டோம். ஹார்ன் நன்றாக அடித்தது.

இரண்டாம் கூட்டத்துக்கு நிபுணர் ஒருவரை அழைத்தோம். செனாவாங்கில் ஆட்டோ கியர் மட்டுமே பார்க்கும் பட்டறை வைத்திருக்கும் லோகேஸ்வரி. வந்ததும் மண்டபத்துக்குள் நுழையாமல் நேராக வேனிடம் போனார். ஒரு சுற்று ஓட்டினார், எஞ்சினை நிறுத்தாமலே குச்சியை உருவினார், துணியில் துடைத்தார், முகர்ந்தார், அடியில் குனிந்து பார்த்தார்.

"எண்ணெய் கொறைச்சல்ணே. ஒழுகலும் இல்ல," என்று என்னிடம் சொன்னார். "இன்னிக்கே ஒரு லிட்டர் ஊத்திட்டா பொழைச்சுக்கும்லா. இப்படியே ஓட்டுனீங்கன்னா உள்ள ப்ளேட்டு கருகிரும்."

மேலே பேசவிடாமல் தலைவர் அவரை மேடைக்கு அழைத்துப் போய்விட்டார். வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, நினைவுச் சின்னம், இன்னொரு பொன்னாடை. நிபுணரின் கருத்து 'இதர விவகாரங்கள்' என்ற கடைசி அங்கத்தில் இருந்தது. அதற்குள் சாப்பிட மீ கோரேங் வந்துவிட்டது. அவர் சொன்னதை நான் மட்டும் குறிப்பில் அழகாக எழுதிக்கொண்டேன்.

ஒரு லிட்டரை ஊற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஊற்றினால், இறக்கியது யார் என்ற கேள்வி வரும். எனவே மூன்றாம் கூட்டத்தில் 'உண்மை கண்டறியும் குழு' ஒன்றை நானே முன்மொழிந்தேன். அதன் தலைவராக என்னையே நியமித்தார்கள். குழு மூன்று வாரம் ஆராய்ந்தது; வேனில் வருகிறவர் சொன்னதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது. உண்மை எவ்வளவு ஆழமாக ஒளிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேனை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் எதுவும் இல்லாததால் வேன் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், பால் கலக்காத கோப்பி-ஓ நிறத்துக்கு வந்தது. அடிப்பிடித்த பருப்பு வாடை அடித்தது. வாசனைத் திரவியம் வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட்டோம்.

நான்காவது சனிக்கிழமை அதே மேட்டில் வேன் நின்றது. கியரை எதில் போட்டாலும் எஞ்சின் மட்டும் பாடியது. லோகேஸ்வரிதான் பிக்கப்பில் வந்து இழுத்துப் போனார். அக்காவை முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

பட்டறையில் கியர்பாக்ஸைக் கழற்றி, கரிக்கட்டையாகிப் போன ப்ளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் அடுக்கினார். ரப்பர் வளையங்கள் பிஸ்கட் மாதிரி நொறுங்கின. வடிகட்டி நிறையக் கருப்புச் சேறு. நான் தொண்டையைக் கனைத்து, லோகேஸ், ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணே," என்றார், தலையைத் தூக்காமல். "அடி நட்டுல ஸ்பானர் வழுக்குன காயம் புதுசா இருந்துச்சு. அன்னிக்கு மைக்ல சொல்லிருப்பேன். ஒங்க மூஞ்சியப் பாத்தேன், விட்டுட்டேன். அதான் நான் பண்ண தப்பு."

ஒன்பது நாளில் புதுப் ப்ளேட், புது வளையங்கள், புது வடிகட்டி, சரியான எண்ணெய். அந்த ஒன்பது நாளில் சங்கம் இரண்டு கூட்டம் நடத்தியது; இரண்டும் திறப்பு விழாவைப் பற்றியவை. அக்கா எப்படிப் போய்வருகிறார் என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

விழா சிறப்பாக நடந்தது. பழுதுபார்த்த கியர்பாக்ஸுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று தலைவர் பிரியப்பட்டார். அது அடியில் இருப்பதால், எட்டிய வரை எஞ்சின் முன்மூடிக்குப் போர்த்தினோம். 'முன்னேற்றம் இனி முழுமையானது' என்று பேனர் கட்டினோம். எனக்கும் ஒரு மாலை விழுந்தது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன், கனமாக இருந்தது.

மறுநாள் செவ்வாய். ஆறு மணிக்கே அக்கா வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஆனால் வாசலில் ஏற்கனவே லோகேஸ்வரியின் பிக்கப் நின்றது. அக்கா அதில் ஏறிக்கொண்டிருந்தார். செருப்பு கையில் இருந்தது. கால்கள் வீங்கி, அதற்குள் நுழையவில்லை. படியில் ஒரு காலை வைத்து, மூச்சு வாங்க நின்றார்.

வேன் தயார் என்று சொன்னேன். மேட்டில் பறக்கும் என்றேன். அக்கா நன்றாக இருக்கிறது தம்பி என்றார், இறங்கவில்லை. செயலாளர் என்பதை மறந்து கேட்டேன்.

"இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதாக்கா?"

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஒங்ககிட்டதான் தம்பி சொன்னேன். பிந்திப் போற ஒவ்வொரு தடவையும் மெஷின ஒரு மணி நேரம் கொறைக்கிறாங்க, காலு வீங்குது, ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுன்னு, மூணு வாரமா ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். நீங்கதான் எல்லாத்தையும் எழுதிக்கிட்டீங்களே."