தலைவருக்கு எப்போது தெரியும்?

இந்தக் கதையில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்க்காதது. கதைக்குச் சொந்தக்காரரே அலுவலகத் தேநீர் இடைவேளைகளில் தவணை முறையில் சொன்னது. அவர் சொன்னதில் எது நடந்தது, எது நடந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்தது எனப் பிரிப்பது சிரமம். அதனால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

அவர் எனக்கு எதிர் மேசை. குடிநீர்க் குழாய் உடைந்தால் ஊரார் கூப்பிடும் பிரிவு எங்களுடையது. புகாரை எழுதிப் பழுது பார்ப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். எல்லாரும் அவரைத் தலைவர் என்றுதான் அழைப்போம். பதவியால் வந்த பெயர் இல்லை. கொள்ளைநோய் தொடங்கிய நாட்களில் நாட்டின் தலைவர்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்பது அவர் அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நோய் ஓய்ந்து, முகக்கவசங்கள் அலமாரியின் அடித்தட்டுக்குப் போன பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"முதல் ஆள் இருமின அன்னிக்கே சொல்லியிருக்கணும். அவங்க பேர் கெட்டுடுமேன்னு மூடி வச்சாங்க," என்பார். மேசையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் ஆறாக ஓடிக்கொண்டிருக்கும். டீயைக் குடித்து முடித்துத்தான் எடுப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் அவர் வயதுக்காரர்களுக்கெல்லாம் நெற்றி ஏறி உச்சந்தலையைத் தொட்டுவிட்டது. அவருக்கு மட்டும் புருவத்துக்கு மேல் நாலு விரல் தாண்டியதுமே காடு. சட்டைப்பையில் பேனா இல்லாவிட்டாலும் சீப்பு இருக்கும்.

அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஆண்டுக்கூட்டத்தை ஒட்டி ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். தொற்றின் தொடக்கத்தில் தலைவர்கள் சரியாக நடந்துகொண்டார்களா, கோட்டை விட்டார்களா என்பது தலைப்பு. வீட்டுக்கு ஒருவர் பேசலாம். கடவுளே தனக்காக வைத்த தலைப்பு என்று அவருக்குத் தோன்றியதில் தப்பில்லை.

அவர் மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு தையற்கடையின் மாடியில் பகலில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறார். இந்த முறை நான் பேசட்டுமா என்று அவர் கேட்டிருக்கிறார். தலைவர் சிரித்துவிட்டு, "நீ முன் வரிசையில உக்காந்து கைதட்டு. அதுக்கும் ஆள் வேணும்ல," என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போதும் சிரித்தார்.

அன்று சாப்பிடும்போது மனைவி, வேறேதோ சொல்லிக்கொண்டே இதையும் சொன்னாராம்: வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் தலை நிறையப் பேன். பொத்தானுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக் கொடுக்கும்போது தோளோடு தோள் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க எதுக்கும் பாத்துக்குங்க. உங்களுக்குத்தான் இடம் ஜாஸ்தி."

தனக்கெல்லாம் பேன் வராது என்று தலைவர் அறிவித்தார். கை கழுவ எழுந்து போவதற்குள் காதுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது.

மறுநாள் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மனிதர் பென்சிலால் சொறிந்தார். அளவுகோலால் சொறிந்தார். சீப்பை வெளியே எடுப்பார், சுற்றிலும் பார்ப்பார், உள்ளே வைத்துவிடுவார். ஏதாவது தொந்தரவா சார் என்று கேட்டேன். உரை தயாரிப்பதாகச் சொன்னார். எனக்கும் தலை அரிக்கத் தொடங்கியது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

இனி அவர் சொன்னது. வீட்டுப் பக்கத்து மருந்துக்கடையில் எல்லாருக்கும் தெரிந்த முகம் என்பதால், பேருந்து ஏறி வேறு பேட்டைக்குப் போய், நண்பர் ஒருவருக்குப் பேன் மருந்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் இவர் சொறிவதைப் பார்த்துக்கொண்டே, "நண்பருக்கு ரொம்ப நாளா இருக்குதா?" என்றாராம். சீசாவைச் சவரப் பெட்டிக்குள் ஒளித்தார். முதுகுவலி என்று தலையணையோடு கூடத்துக்குக் குடிபெயர்ந்தார். மகள் மடியில் சாய வந்தால் எழுந்து நின்றுகொண்டார். ஒரே ஆளுக்கு ஊரடங்கு, அதுவும் அறிவிக்காத ஊரடங்கு.

"ஏங்க, தலை அரிக்குதா?"

"இல்லையே. யோசிக்கிறேன்."

"யோசிக்கிறவங்களை நானும் பாத்திருக்கேன். நகம் இவ்வளவு உள்ள போகாது."

மருந்து போட்டும் அரிப்பு நிற்கவில்லை. தேய்த்துப் பார்த்தால் பேனும் கிடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாதது இன்னும் ஆபத்தானது என்று முடிவு கட்டினார். பட்டிமன்றத்தன்று காலையில் யாரும் தெரியாத ஒரு முடிதிருத்தகத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு, ஒட்ட வெட்டச் சொல்லிவிட்டார். கடைக்காரரே இரண்டு முறை நிஜமாகவா என்று கேட்டாராம்.

வீட்டுக்குத் தொப்பியோடு வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க தொப்பி?"

"வெயில்."

"வீட்டுக்குள்ளயா?"

தொப்பி கழன்றது. மனைவி கொஞ்ச நேரம் அந்தத் தலையையே பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் தலைவர்.

"எப்போ தெரியும்?"

"எது?"

"உங்க தலையில இருக்குன்னு. நான் அந்தப் பொண்ணைப் பத்திச் சொன்ன அன்னிக்கேவா?"

"அன்னிக்கு ஒரு சந்தேகம்தான். உறுதியாத் தெரியாம வீட்டைப் பயமுறுத்தக் கூடாதுன்னு…"

சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. நாட்டின் தலைவர்கள் சொன்ன சாக்கு என்று ஒரு வருடமாக அவர் எங்கள் மேசையில் போட்டு மிதித்த அதே வாக்கியம்.

"அப்போ அவங்க மட்டும் வேற என்னத்தைச் சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு மனைவி அடுத்த சட்டையை மடித்தார். "சரி, மேடையில என்ன பேசப் போறீங்க? தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கணும்னா?"

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியை மறுபடியும் மாட்டிக்கொண்டு, "இதை நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?" என்றார்.

"நான் எதுக்குங்க சொல்றேன்? மேடையில எனக்குப் பேச வேற விஷயம் நிறைய இருக்கு."

அன்று மாலை அவர் அழைத்திருந்ததால் நானும் போயிருந்தேன். தரைத்தளத்து ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் தலைவர்களின் பக்கம் பேசினார். வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம் இருப்பது எந்த டிரைவருக்குத் தெரியும், பள்ளத்தைப் பார்த்த பிறகுதானே பிரேக் போட முடியும் என்றார். நல்ல கைதட்டல். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்து தலைவரின் மனைவி எழுந்தார். குறிப்பு எதுவும் கையில் இல்லை.

"டிரைவர் அண்ணன் சொன்னது சரி. வளைவுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. பயந்ததையும் நான் குத்தம் சொல்லல, நானும் பயப்படுறவதான். பள்ளத்துல சக்கரம் இறங்கின பிறகும் வண்டியில இருக்கிறவங்களைத் திரும்பிப் பாத்து, ரோடு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்களே, அதை மட்டும்தான் கேக்கறேன்."

முதலில் கைதட்டியவர் ஓட்டுநர் என்றுதான் நினைத்தேன். அவருக்கும் முன்பே ஒரு கைதட்டல் முன் வரிசையிலிருந்து, ஒரு தொப்பிக்கு அடியிலிருந்து வந்தது. பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவரும் தலைவர்தான்.

அவர் தோற்றதாக நினைக்கவில்லை. தான் ஒதுங்கியிருந்ததால்தான் வீட்டில் மற்ற இருவருக்கும் ஒன்றுகூடப் பரவவில்லை என்று இப்போதும் சொல்கிறார். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. பேன் கிடைக்கவேயில்லையே. அது எங்கேதான் போயிருக்கும்?

கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. அந்தத் தையற்கடைக்கே போனேன். அளவெடுத்துக்கொண்டிருந்த கடைக்காரரிடம், மாடி வகுப்பில் அப்போது ஒரு பெண்ணுக்குத் தலையில் பேன் இருந்ததாமே, இப்போது தேவலையா என்று விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாடிச் சுவரில் ஈரம் இறங்கியதால் அந்த மாதம் முழுக்க வகுப்பே இல்லை, டீச்சரம்மா வீட்டில்தான் இருந்தார் என்றார்.

தலைவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாமல் ஒருவரைப் பயமுறுத்தக் கூடாது. அதனால் கால்சட்டையை வாங்கப் போனபோது இன்னொரு முறையும் கேட்டுப் பார்த்தேன். அந்த மாதம் மாடி பூட்டித்தான் இருந்ததாம்.