போடியாரைக் கடலுக்குக் கொண்டுபோன கதை

செய்கிற தொழிலை வருங்கால மாமனாருக்கு ஒரே வாக்கியத்தில் விளக்க முடியவில்லை என்றால், அந்தத் தொழிலை விட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மாமனாரை விட்டுவிட வேண்டும். எனக்கு இரண்டையும் விட மனம் வரவில்லை. அதனால்தான் மட்டக்களப்பில் ஆற்றுவாய் வெட்டுகிற காலம் வந்தால் இன்றைக்கும் என் பெயர் அடிபடுகிறது.

அப்போது நான் முகத்துவாரத்துக்குக் கிட்ட ஒரு சின்ன விடுதியில் கயாக் பயிற்றுவிப்பாளராக இருந்தேன். கயாக் என்றால் நீளமான பிளாஸ்டிக் வள்ளம். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டையான துடுப்பால் வலிக்க வேண்டும். வருகிற வெள்ளைக்காரர்களை வாவியில், இடுப்பளவு தண்ணீரில், கண்டல் மரங்களுக்கு நடுவே கூட்டிப் போய், கொக்கைக் காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன். யாராவது கவிழ்ந்தால் எழுந்து நிற்கச் சொல்வேன். (என் பயிற்சியில் மிகக் கடினமான பாடம் அதுதான்.) கடல் பக்கமே நான் போனதில்லை. ஆனால் விடுதிச் சுவரில் முதலாளி 'கடல் கயாக் சாகசம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே என் படத்தையும் போட்டிருந்தார். படத்தில் எனக்குப் பின்னால் ஒரு பனை உயர அலை நின்றது. அந்த அலையை முதலாளியின் மருமகன் கொம்பியூட்டரில் செய்து ஒட்டியிருந்தான்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நிரோஜா என்னிடம் மயங்கினாள் என்று நான் இன்றும் நம்புகிறேன். (அவள் மறுக்கிறாள்.) டவுனில் ஒரு வங்கியில் வேலை. அப்பா வெல்லாவெளியில் தம்பிராசா போடியார். ஒரு வட்டையை, அதாவது ஒரு வயல்வெளியை, முழுக்கச் சொந்தமாக வைத்திருக்கிறவரை எங்கள் பக்கம் போடியார் என்போம். போதாததற்கு அவர் அங்குள்ள விவசாயிகள் அமைப்பின் தலைவரும்கூட. எங்கள் விஷயம் தெரிந்ததும் அவர் கேட்டாராம்: "தோணி ஓட்டுறவனுக்கா என்ட புள்ளயக் குடுக்கிற?"

"தோணி இல்லப்பா. அவர் கடல் விளையாட்டுப் பயிற்றுவிப்பாளர். அலையும் நீரோட்டமும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு" என்று நிரோஜா என்னைக் காப்பாற்றினாள். அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

இங்கே ஆற்றுவாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வாவி கடலைத் தொடுகிற இடத்தை வருசத்தில் பல மாதம் ஒரு மணல்மேடு அடைத்துக்கொண்டிருக்கும். மாரி மழை கொட்டியதும் வாவி நிரம்பி, தண்ணீர் பின்னால் ஏறி வயல்களை மூடிவிடும். உடனே மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுங்கள் என்று விவசாயிகள் நிற்பார்கள். இப்போதே வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும், பொறுங்கள் என்று மீனவர்கள் நிற்பார்கள். இரண்டு பக்கமும் மாவட்டச் செயலகத்தில், அதாவது எங்கள் கச்சேரியில் கூடி, தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். ஒவ்வொரு மாரியிலும் இது நடக்கும்.

அன்றைக்குப் போடியார் அந்தக் கூட்டத்தில் கத்திவிட்டு நேராக எங்கள் விடுதிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் நீளக் குடை. பின்னால் நிரோஜா. அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"நீங்கதானோ அந்தக் கடல் வாத்தியார்?"

"ஓம் ஐயா."

"என்ட வயல் முழுக்கத் தண்ணிக்க கிடக்கு. நாளைக்கு வெட்டுறம் எண்டு சொல்றானுகள். எனக்கு நம்பிக்கை இல்ல. அந்த மேட்ட ஒருக்காக் கண்ணால பாக்கணும். றோட்டால போனா மீன்காரனுகள் சண்டைக்கு வருவானுகள். உங்கட வள்ளத்தில கொண்டு போக ஏலுமோ?"

அவருக்குப் பின்னால் நின்ற நிரோஜா வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள், தலையால் சொன்னாள், கடைசியில் கையாலும் சொன்னாள். ஆனால் 'ஏலுமோ' என்று பெண்ணைப் பெற்றவர் கேட்கும்போது 'ஏலாது' என்று சொல்ல எந்த இளைஞனுக்கு வாய் வரும்?

"இது சின்ன விசயம் ஐயா" என்றேன். வெட்டுவது நாளைக்குத்தானே, இன்றைக்கு வாவி சும்மா குளம் போலத்தான் கிடக்கும் என்பது என் கணக்கு.

போடியாரை லைஃப் ஜெக்கட்டுக்குள் திணிக்க நானும் முதலாளியும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. வேட்டியை மாற்றச் சொன்னேன், மாட்டேன் என்றார். குடையையாவது வைத்துவிட்டு வாருங்கள் என்றேன். "மழை வந்தா?" என்று கேட்டார். தண்ணீருக்கு மேல் உட்கார்ந்து போகிறவருக்கு மழைப் பயம் எதற்கு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் முன்னால், நான் பின்னால். கயாக்கின் மூக்கு தண்ணீரில் தாழ்ந்தது.

வாவி நான் நினைத்தபடியே அமைதியாகக் கிடந்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. போனில் பார்த்த வீடியோக்களை எல்லாம் சேர்த்து ஒரு பிரசங்கம் வைத்தேன். நீரோட்டம் இழுத்தால் அதோடு மல்லுக்கட்டக் கூடாது ஐயா, குறுக்காக வலித்து வெளியே வரவேண்டும். அலை அடித்தால் அலைப் பக்கம் சாய வேண்டும், மற்றப் பக்கம் சாய்ந்தால் கதை முடிந்தது. பதற்றம் மட்டும் ஆகவே ஆகாது.

"பெரிய படிப்புத்தான்" என்றார் போடியார். எனக்குக் கல்யாணமே முடிந்தது போல இருந்தது.

வளைவு தாண்டியதும் மணல்மேடு தெரிந்தது. மேட்டின் மேல் ஒரு பெக்கோ இயந்திரம் நின்று மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. சுற்றிலும் சனம். மேலே இன்னும் பெரிய மழை வருகிறதென்று செய்தி வந்து, நாளைக்கு வெட்டுவதை இன்றைக்கே வெட்டத் தொடங்கிவிட்டார்களாம். இதைப் போடியாருக்குச் சொல்லலாம் என்று அவருடைய ஆட்கள் தேடியபோது அவர் என் கயாக்கில் ஏறிப் போய்விட்டார்.

போடியாருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கயாக்கில் ஒருவரும் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தார். எழுந்து நின்றார்.

"வெட்டுறானுகள் மனே! நான் கத்தினதுக்குத்தான் வெட்டுறானுகள்! கிட்டப் போ மனே!"

மனே! மட்டக்களப்பில் ஒரு மனிதர் உங்களை 'மனே' என்று கூப்பிட்டால் நீங்கள் அவர் வீட்டுப் பிள்ளை. என் மாமனார் ஆகப்போகிறவர் அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவர் அந்த நேரம் பெக்கோவுக்கு அடியில் போகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். கிட்டப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் கை வலிக்கவே துடுப்பை மடியில் வைத்தேன். கயாக் நிற்கவில்லை.

"நல்லாத்தான் ஓட்டுறாய்" என்றார் போடியார்.

"நான் ஓட்டல்ல ஐயா."

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பெக்கோ வெட்டிய கால்வாய் கடலை எட்டிவிட்டது. தண்ணீர் அதற்குள் இரைந்துகொண்டு பாய, இரண்டு கரையும் பொத்துப் பொத்தென்று இடிந்து வாய் அகன்றுகொண்டிருந்தது. குறுக்காக வலிக்க வேண்டும் என்ற பாடம் ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் குறுக்கு என்பதுதான் ஞாபகம் வரவில்லை. நான் பின்னுக்கு வலித்தேன். போடியாரும் தொப்பென்று உட்கார்ந்து, காலடியில் கிடந்த மற்றத் துடுப்பை எடுத்து, மண்வெட்டியால் வரம்பு கட்டுகிற மாதிரி, முன்னுக்கு வலித்தார். கயாக் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நாங்கள் இரண்டு பேரும் டவுனைப் பார்த்தபடி, முதுகுப் பக்கமாக ஆற்றுவாய்க்குள் போனோம்.

இந்தக் கரையில் விவசாயிகள், அந்தக் கரையில் மீனவர்கள். எல்லார் கையிலும் போன். நடுவில் போடியார் குடையை வாள் மாதிரித் தூக்கிப் பெக்கோக்காரனைப் பார்த்துக் கத்தினார்:

"வெட்டாதடா! மண்ணப் போட்டு மூடுடா! மூடு எண்டு சொல்றன்!"

பெக்கோக்காரன் கையை ஆட்டி வழியனுப்பினான். கூட்டத்தில் ஒருவன், "போடியார், கவனமாப் போயிட்டு வாங்க!" என்று கத்தினான்.

முதல் அலை வந்தது. கொம்பியூட்டர் அலையை விடச் சின்னதுதான், ஆனால் இது நனைத்தது.

"ஐயா, அலைப் பக்கம் சாயுங்க!"

"எதுடா அலைப் பக்கம்?"

நியாயமான கேள்வி. எல்லாப் பக்கமும் அலை. நான் ஒரு பக்கம் சாய்ந்தேன், அவர் மறுபக்கம் சாய்ந்தார். அதே நேரம் குடை படீரென்று விரிந்து காற்றைப் பிடித்துக்கொண்டது. பிறகு வானம் கீழே போய்விட்டது.

எழுந்து நிற்கலாம் என்று காலை நீட்டினேன். தரை இல்லை. ஒரு கையால் கயாக்கைப் பிடித்தேன். போடியார் ஒரு கையால் குடையையும் மறுகையால் என் தலைமயிரையும் பிடித்தார். சிரிப்புக்கு எழுதுகிறேன், ஆனால் அந்த நேரம் எனக்கு உயிர் போகிற பயம். இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நிரோஜாவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்து அழுதேன். கடலுக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

"உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இடுப்பளவுக்குத் தெரியும் ஐயா."

அதற்கு அவர் சொன்னதை எழுத முடியாது. அவர் சொல்லி முடிப்பதற்குள் அலைகள் எங்களைத் தெற்கே தள்ளிக்கொண்டு போய், கல்லடிக் கடற்கரையில் துப்பிவிட்டன. வேட்டி கடலோடு போயிருந்தது. போடியார் லைஃப் ஜெக்கட்டும் அரைக் காற்சட்டையும் குடைக்கம்பியுமாக மணலில் உட்கார்ந்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை.

கரையில் நின்ற மீனவர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் தன் போனையும் போடியாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, நீங்கதானே ஆத்துவாய வெட்டாத எண்டு பெக்கோக்குக் குறுக்க வள்ளம் விட்டவர்? வீடியோ ஊரெல்லாம் ஓடுது ஐயா! போடியாரா இருந்தும் எங்கட சனத்துக்காகக் கடலுக்க பாஞ்சிருக்கிங்களே!"

உடுக்கச் சாரம் கொடுத்தார்கள், குடிக்கப் பிளேன்டீ கொடுத்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். ஒரு முழுக் கொடுவா மீனை ஓலையில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். வெட்டச் சொல்லிக் கத்தினதே நான்தான் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சுற்றி நின்ற மீனவர்களின் தோள்களைப் பார்த்தார். மீனை வாங்கிக்கொண்டார்.

வெல்லாவெளியில் அன்றைக்கே நெருப்புப் பற்றிவிட்டது. தலைவர் மீனவர் பக்கம் சாய்ந்துவிட்டார், கொடுவாவும் வாங்கித் தின்றுவிட்டார் என்று விவசாயிகள் அவசரக் கூட்டம் போட்டார்கள். போடியார் எனக்குப் போன் எடுத்தார். 'மனே' காணாமல் போயிருந்தது.

"தம்பி, நீங்க வந்து சபையில உண்மையச் சொல்லணும்."

"என்ன உண்மை ஐயா?"

"உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது எண்ட உண்மை."

"சொன்னா, நிரோஜா விசயம்..."

"முதல்ல வந்து சொல்லு. மறுகா பாப்பம்."

போனேன். கோயில் மண்டபம் நிறைய ஆட்கள், ஒரு ஓரத்தில் நிரோஜா. முன்வரிசையில் இருந்த ஒருவர் விசாரணையைத் தொடங்கினார்.

"நீங்க கடல் பயிற்றுவிப்பாளர்தானே?"

"இல்ல ஐயா. இடுப்பளவு தண்ணிக்குத்தான்."

"படத்தில அலை நிக்குதே?"

"அது கொம்பியூட்டர் அலை."

மண்டபம் குலுங்கியது. "அப்ப போடியார் எதிர்ப்புக் காட்டப் போகல்லியோ?"

"இல்ல. மேட்டப் பாக்கத்தான் வந்தவர். நான்தான் நிப்பாட்டத் தெரியாமக் கடலுக்க கொண்டு போனன். அவர் பயத்தில கத்தினவர்."

"பயத்தில எண்டு நான் சொல்லச் சொல்லல்லியே" என்று போடியார் உறுமினார். ஆனால் சபை நம்பிவிட்டது. என் முகத்தைப் பார்த்த எவரும் நம்பியிருப்பார்கள். தலைவர் பதவி தப்பியது.

முன்வரிசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவனுக்கெல்லாம் ஆராச்சும் புள்ள குடுப்பானுகளா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் நிரோஜாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போடியார் தொண்டையைச் செருமினார். "நான்தான் குடுக்கப் போறன்" என்றார். பிறகு முன்வரிசைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "பெடியனுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனா தண்ணிக்க நான் தலமயிரப் புடிச்சிருக்கக்குள்ள, உதறிப்போட்டுப் போகல்ல."

(உதறப் பார்த்தேன். பிடி விடவில்லை. அதை அந்தச் சபையில் சொல்லவேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குப் படவில்லை.)

எங்கள் பக்கம் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான் போய் இருக்க வேண்டும். ஆகவே கடல் சாகச வீரனாகிய நான், இப்போது கடல் கண்ணுக்கே தெரியாத வெல்லாவெளியில் வயல் செய்கிறேன். முதலாளி கல்யாணப் பரிசாகக் கொடுத்த அந்தக் கயாக்கில் மாமா விதைநெல் ஊறப்போடுகிறார்.

மாரி வந்தால் மாமா இன்றும் கச்சேரிக்குப் போகிறார். ஆற்றுவாயை வெட்டுங்கள் என்று எழுந்து நின்று கத்துகிறார். உடனே அங்கிருக்கிற பெரிய அதிகாரி பேனையை மூடிவிட்டு, "வெட்டலாம் போடியார். முதல்ல உங்கட மருமகன் எங்க நிக்கிறார் எண்டு கேட்டுச் சொல்லுங்க" என்பாராம். விவசாயிகளும் மீனவர்களும் ஒன்றாகச் சேர்ந்து சிரிப்பது அந்த ஒரு நேரத்தில்தானாம். உடனே என் போன் அடிக்கும்.

"மனே, எங்க நிக்கிறாய்?"

"வட்டைக்க நிக்கிறன் மாமா."

"அசையாத, அப்படியே நில்" என்று சொல்லிவிட்டு, மாமா சபையைப் பார்த்துக் குரலை உயர்த்துவது எனக்குப் போனில் கேட்கும்: "சரி, இப்ப வெட்டுங்க!"