இரண்டாம் பக்கத்துக்கு வழிந்த வரி

ஒரே ஒரு வரி இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிட்டது. ‘நம் ஏரி என்றும் உறையாதிருக்கட்டும்’ என்ற அந்த வரி, வெற்றுப் பக்கத்தின் உச்சியில், பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி தனியாக நின்றது.

ஷைலோ கைப்பேசியை எடுத்தான்.

“அண்ணே, ஒரு வரி மட்டும் அடுத்த தாளுக்குப் போகுது. பரவாயில்லையா?”

“ஒரே தாள்னு சொன்னேன்ல?” என்றார் வானிலை நிலையத்தின் இயக்குநர் அஸ்கர்பெக். “மேடையில தாளைத் திருப்பினா என் கை நடுங்கும். பிஷ்கெக்லேர்ந்து வர்றவங்க முன்னாடி நான் நடுங்கணுமா?”

நிலையத்தின் ஆண்டு விழா அன்று. இயக்குநர் வாசிக்கும் உரையைத் தட்டச்சு செய்து, அழகுபடுத்தி, அச்செடுத்துத் தருவது ஷைலோவின் பொறுப்பு. விருந்தினரை எதிர்கொள்ள அவர் நெடுஞ்சாலைக்குப் போயிருந்தார். கீழ்க்கூடத்தில் ஊர் ஜனம் வந்து நிறைந்துகொண்டிருந்தது. மாடியறையில் ஷைலோவும் கணினியும், சமையற்கட்டுத் தூர்துகான் அக்கா வைத்துவிட்டுப் போன தேநீரும்தான்.

ஜன்னலுக்கு வெளியே இசிக்-குல் ஏரிமேல் பனி விழுந்துகொண்டிருந்தது. விழுந்த பனியைச் சத்தமில்லாமல் ஏரி வாங்கிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பார்ப்பவனும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவான். ஷைலோ அப்படிக் கரையக்கூடிய ஆள்.

படகுத்துறையில் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. பெர்மெத். தினமும் ஏரி நீரின் வெப்பத்தை அளப்பவள். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் பேசியதெல்லாம், “இன்னிக்கு எவ்வளவு?” “நாலு டிகிரி.” “நேத்தைவிடக் குறைவு போல.” அவ்வளவே. இப்போது அவளுக்குத் தலைநகர் பிஷ்கெக்குக்கு மாற்றல் வந்திருந்தது. விருந்தினர் வரும் வண்டியிலேயே மாலையில் கிளம்புகிறாள்.

அவன் பெருமூச்சு விட்டுவிட்டு, பக்கத்தின் ஓர இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தான்.

வரி மேலே ஏறிக்கொண்டது. ஆனால் உரையின் நடுவிலிருந்த ஏரிப் படம் கழன்று, மிதந்து போய், இயக்குநரின் பெயர்மேல் படுத்துக்கொண்டது. அவர் தண்ணீருக்கடியிலிருந்து உரையாற்றுவது போலிருந்தது. படத்தை இழுத்தான். அது கரைக்கு வந்தது. பத்திகள் தண்ணீருக்குள் போயின.

படத்தை நீக்கிவிட்டு, அழகுக்காக எழுத்துருவை மாற்றினான். கொடி மாதிரி சுழித்தோடும் புதிய எழுத்து. ரஷ்ய மொழிக்கென்று செய்யப்பட்ட எழுத்து அது. கிர்கிஸ் மொழிக்கே உரிய எழுத்துகள் அதில் இல்லை. அவை இருந்த இடங்களிலெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்து உட்கார்ந்தன. உரை முழுக்க ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் யாரோ சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஷைலோவுக்குத் தோன்றியது.

கைப்பேசி அவனை எழுப்பியது.

“டேய், மார்ச் மாசம் பனின்னு போட்டிருக்கேனா?”

“ஆமாண்ணே.”

“அது மழைடா! மாத்திடு. இதோ வண்டி தெரியுது. தாள் தயாரா இருக்கட்டும்.”

பழைய எழுத்துருவைத் திரும்பப் போட்டான். மார்ச்சைத் தேடப் பொறுமையில்லை. கண்டுபிடித்து மாற்றும் பெட்டியைத் திறந்தான். கிர்கிஸில் பனிக்குக் ‘கர்’, அதை எடுத்துவிட்டு மழைக்கு ‘ஜம்கிர்’. ஒரே தட்டு. சேமித்து, ஒழுங்காக அடங்கட்டும் என்று மூடித் திறந்தான்.

மார்ச்சில் மழை பெய்தது. டிசம்பரிலும் மழை பெய்தது. மலையுச்சிகளிலெல்லாம் நிரந்தர மழை மூடியிருந்தது. கராகோல் நகரம் ஜம்கிராகோல் ஆகியிருந்தது. தாளின் தலையில், தடித்த எழுத்தில், ‘இயக்குநர் அஸ்ஜம்கிர்பெக்’.

கீழ்க்கூடத்தில் பெரிய சிரிப்பு வெடித்தது. விருந்தினர் வரும்வரை ஜனங்களை உட்காரவைக்க யாரோ பாட்டுக்காரன் விகடம் பண்ணுகிறான் போலிருக்கிறது. ‘அவனுக்கென்ன, வாயால பண்றான், எழுத்துரு பத்தின கவலை இல்லை’ என்று ஷைலோ பொறாமைப்பட்டான்.

மூடித் திறந்துவிட்டதால் பழையபடி பின்னால் போகவும் வழியில்லை. சரி, வந்த வழியே போவோம் என்று மழையையெல்லாம் பனியாக மாற்றினான். அஸ்கர்பெக் மீண்டார். கராகோல் மீண்டது. ஆனால் உண்மையான மழையெல்லாமும் பனியாகிவிட்டது. ஜூனில் பனி. ஆப்ரிகாட் மரங்கள்மேல் பனி. ‘கோடையின் இளம்பனியில் நனைந்தபடி குழந்தைகள் ஓடி விளையாடினர்.’

திருத்தத்தான் கை போனது. ஆனால் படிக்கப் படிக்க நன்றாக இருந்தது. வெயிலடிக்கும் ஜூன் மாதத்தில், பழுத்த ஆப்ரிகாட்களுக்கிடையே, வெதுவெதுப்பான பனி விழுகிறது. அதனடியில் ஒருத்தி தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறாள். எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு ஊர் இருந்தால் அங்கே அவன் தைரியமாகப் பேசுவான்.

வாசலில் ஹாரன் ஒலித்தது. வண்டி வந்துவிட்டது. விருந்தினர் இறங்கி உள்ளே போனார்கள். அவர்கள் போனதும், பெர்மெத் தன் நீலப் பெட்டியைத் தூக்கிவந்து வண்டியின் பின்பக்கம் வைப்பதை ஷைலோ ஜன்னலிலிருந்து பார்த்தான். தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு அவளும் கூடத்துக்குள் போனாள்.

அவன் மெதுவாக வந்து உட்கார்ந்தான். புதிய வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தான். யாரும் நடக்காத பனிவெளி மாதிரி கிடந்தது. அதில் தட்டினான்:

‘பெர்மெத், இன்று ஏரி எத்தனை டிகிரி?’

அழித்தான்.

‘பெர்மெத், நீ போனால் ஏரி உறைந்துவிடும்.’

பெரிதாக்கிப் பார்த்தான். நடுவில் வைத்தான். நீல நிறம் கொடுத்தான். ரொம்பக் கூச்சலாக இருந்தது; சாய்வெழுத்தாக்கினான். இப்போது வரி கொஞ்சம் தலைசாய்த்துக் கேட்பது போலிருந்தது. கீழே பாட்டுக்காரனும் ஓய்ந்துவிட்டான் போல. கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு அமைதி. அந்த அமைதியில் விரல்கள் தாமாக நகர்ந்தன.

‘நான் உன்னிடம் டிகிரி கேட்டதெல்லாம் உன் குரலைக் கேட்கத்தான். எண்கள் ஒன்றுகூட நினைவில் இல்லை. குரல் இருக்கிறது. போகாதே.’

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரிகளுக்கிடையே இடைவெளியை அகலமாக்கினான், ஒவ்வொன்றும் மூச்சுவிடட்டும் என்று. உலகத்தில் ஒரு பக்கமாவது சொன்னபடி கேட்கிறதே என்று கண் கலங்கியது.

பிறகு வெட்கம் வந்தது. இதை அச்செடுத்தால் யாராவது பார்ப்பார்கள். முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்தான். பனிவெளி பழையபடி கிடந்தது.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். தூர்துகான் அக்கா மூச்சிரைக்க வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தெரியும்க்கா,” என்றான் ஷைலோ. “தாள் எங்கேன்னு கேக்கறாரு. இல்லைன்னு சொல்லிடு. ஜூன்ல பனி பெய்யுதுன்னு சொல்லிடு. என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் சரின்னு சொல்லிடு.”

“அவரு தாளே கேக்கல. முதல் வரிசையில உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்காரு.”

“அழறாரா? ஏன்?”

“பிஷ்கெக்லேர்ந்து வந்த அம்மா மட்டும் என்னவாம்? ஒரே கண்ணீரு. நான் மேல வந்து உன்கிட்ட சொல்லிடறேன்னு அப்பவே கிளம்பினேன், ஒருத்தரும் விட்டாத்தானே!”

“என்கிட்ட என்னத்தைச் சொல்ல?”

தூர்துகான் அக்கா தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏரிப் படம் காட்டறதுக்குன்னு உன் கம்ப்யூட்டர்லேர்ந்து கூடத்துத் திரைக்கு இழுத்த ஒயரைக் காலையிலேர்ந்து யாரும் கழட்டலடா, பெர்மெத் பெட்டியை வண்டியிலேர்ந்து இறக்கிட்டா, ஆனா அதுக்குள்ள நீ அழிச்சுட்டியாம், அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கணுங்கறா.”