வட்ட லைட்டுக் கார்

ஐந்தாவது நாளாகவும் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் அம்பிகைபாகனின் காரை மறித்துவிட்டார்கள். முன்னால் போன வான், பின்னால் வந்த லொறி, தேங்காய் ஏற்றிய ட்ராக்டர் எல்லாம் ஒரு கையசைப்பில் தப்பிப் போயின. இவருடைய காருக்கு மட்டும் கை குறுக்கே நீண்டது.

"ஏன் எங்களை மட்டும் நெடுக மறிக்கினம்?" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி மங்களேஸ்வரி. அவள் கண்டியில் ஆசிரியை. நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய் ஒரு வாரமாகிறது.

"பேசாமல் இரும். என்ர அடையாள அட்டையிலை யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. வேறை என்ன?"

கண்டியில் குண்டு வெடித்து ஒரு வருடம்கூட ஆகாத காலம். பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக் கந்தோருக்குத் தினமும் வேலைக்காகக் கார் ஓட்டும் தமிழர் ஒருவர் பயப்படுவதில் பிழையே இல்லை. பிழையெல்லாம் அவருடைய தலைக்கனத்தில்தான் இருந்தது.

அந்தக் கார் ஜப்பான்காரன் ஒரு வருடம் மட்டும் செய்துவிட்டுக் கைகழுவிய மாடல். செய்தது தொண்ணூற்றொன்றில், பார்த்தால் அறுபதில் செய்தது போல இருக்கும். வட்ட லைட்டு, அதைச் சுற்றி வெள்ளி வளையம், இளம் பச்சை உடம்பு, பால் நிறக் கூரை. மலைநாட்டில் இப்படி மூன்றுதான் இருந்தன. மற்ற இரண்டும் பல் வைத்தியர் தியாகராஜாவிடமும் மாணிக்கக்கல் வியாபாரி ஸெய்னுலாப்தீனிடமும். நாட்டில் பிள்ளைகள் காணாமற் போய்க்கொண்டிருக்க, இந்த மூன்று பெரிய மனிதர்களும் ஞாயிறுதோறும் தியாகராஜாவின் வீட்டு வளவில் கூடி, தேத்தண்ணீர்க் கோப்பையும் கையுமாக, முன் லைட்டின் வளைவைப் பற்றி இரண்டு மணித்தியாலம் பேசுவார்கள். பழைய கார் வைத்திருப்பவனைக் கண்டால் மூவருக்கும் இளக்காரம். புதிய கார் வைத்திருப்பவனைக் கண்டால் அதைவிட இளக்காரம்.

"எங்கள் மூண்டு பேரையும் விட்டால் இந்த ஊரிலை ரசனையுள்ளவன் ஒருத்தனும் இல்லை" என்பது அம்பிகைபாகனின் தீர்ப்பு.

அடுத்த மாத முதல் ஞாயிறு ஜப்பான் எஞ்சினியர் ஒருவர் வந்து, மூன்றிலும் நன்றாகப் பேணப்பட்ட காரைப் படமெடுத்துத் தம் நாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பப் போகிறார். அது தன் காராகத்தான் இருக்கவேண்டும் என்ற துடிப்பில் அம்பிகைபாகன் சரியாகச் சாப்பிடுவதைக்கூட விட்டிருந்தார்.

சாவடியிலிருந்த இராணுவக் கோப்ரல் காரை இரண்டு தரம் சுற்றி வந்தான். குனிந்து லைட்டைப் பார்த்தான். அம்பிகைபாகன் இறங்கி, தமக்குத் தெரிந்த கந்தோர்ச் சிங்களத்தில், இது பழைய கார் அல்ல, வேண்டுமென்றே பழையது போலச் செய்தது என்று விளங்கப்படுத்தி, ஜப்பான் மொழியில் அச்சடித்த வர்ணப் புத்தகத்தையும் நீட்டினார். கோப்ரல் ஒரு பக்கமும் விடாமல் புரட்டினான். அரை மணித்தியாலம் போயிற்று.

பொலிஸ்காரன் ஜவாஹிர் கிட்ட வந்தான். அந்தச் சாவடியில் தமிழ் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். "சேர், ஒரு விசயம் செல்லவா..."

"எல்லாம் புத்தகத்திலை இருக்கு" என்று அவன் வாயை அடைத்துவிட்டார் அம்பிகைபாகன். ஒரு கான்ஸ்டபிளோடு நின்று கார் பற்றிப் பேசுவதாவது!

அழுக்குக் கார்தான் சந்தேகத்தைக் கிளப்பும் என்று மறுநாள் புது யோசனை பிறந்தது. விடியவே எழும்பி, வளையம் வளையமாக மினுக்கினார். சாவடியில் கோப்ரலோடு இன்னும் நான்கு சிப்பாய்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் கதவில் முகம் பார்த்துத் தலை வாரினான்.

"மினுக்கி மினுக்கி இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டிருக்கிறியள்" என்றாள் மங்களேஸ்வரி. "இஞ்சேருங்கோ, அவை உங்கட அட்டையைத் திருப்பியும் பாக்கேல்லை. என்ன விசயமெண்டு அந்தப் பொலிஸ்காரனிட்டை ஒருக்காக் கேளுங்கோவன்."

"உமக்கு ஒண்டும் விளங்காது."

அதற்கடுத்த நாள் கோப்ரல் சட்டைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தான். காரைப் பார்த்தான், கொப்பியில் பென்சிலை ஓட்டினான். மறுபடியும் பார்த்தான், ஓட்டினான். அம்பிகைபாகனுக்குப் பயத்தில் வர்ணப் புத்தகத்தை நீட்டவும் மறந்துபோயிற்று. பெயர் எழுதப்பட்டு வீடு திரும்பாதவர்களின் கதைகள் அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தைப் பார்த்து மட்டும் யாரும் சிரிக்க முடியாது.

மனைவியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, கந்தோரையும் மறந்து, நேரே கலகெதரவில் ஜமால்தீனின் கராஜில் போய் நின்றார்.

"ஒருத்தரும் திரும்பிப் பாராத காராய் இதை ஆக்கித் தாரும்."

ஜமால்தீன் வாயில் கைவைத்தான். "நெசமாவா சேர் செல்றீங்க? இந்த வளையத்த வெட்டி எடுத்தா திரும்ப மாட்ட ஏலாது. சாமான் எங்கயும் இல்ல."

"வெட்டும்!"

மூன்று நாளில் வளையங்கள் போயின. வட்ட லைட்டு இருந்த இடத்தில் ஏதோ உடைந்த வானின் சதுர லைட்டு வந்தது. பச்சையையும் பால் நிறத்தையும் மூடிச் சாம்பல் நிறம் பூசியாயிற்று. தண்ணீர்த் தாங்கிக்குச் சில்லுப் பூட்டியது போல நின்றது கார்.

செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்து தியாகராஜா டெலிபோனில் வந்தார். "உமக்கென்ன, மூளை பிசகிப்போச்சோ? ஞாயிற்றுக்கிழமை நீர் தேத்தண்ணிக்கு வாரும். அந்தச் சாமானைக் கொண்டு வரவேண்டாம். ஜப்பான்காரன் அழுதுபோடுவான்."

டெலிபோனை வைத்துவிட்டு அம்பிகைபாகன்தான் அழுதார். உயிர் மிஞ்சினதே பெரிய காரியம் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை. சாவடியில் கை குறுக்கே நீளவில்லை. நுளம்பு விரட்டுவது போல, போ போ என்று அசைந்தது.

"பாத்தீரே?" என்று நெஞ்சை நிமிர்த்தினார் அம்பிகைபாகன். "மூளை வேணும்!"

மங்களேஸ்வரி அந்தச் சதுர லைட்டுகளை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தின் நடுவில் வாகனங்கள் தேங்கி நின்றன. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பார்த்தால் ஜவாஹிர், ஓடி வந்த களைப்பில் மூச்சு வாங்கினான். தூரத்தில், விரித்த கொப்பியோடு கோப்ரல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். அம்பிகைபாகன் கண்ணாடியை இறக்கினார்.

"எங்க சேர் அந்த சோக்கான காரு? அதப் பாக்கத்தானே ஒவ்வொரு நாளும் நிப்பாட்டின. எங்கட கோப்ரல் கொப்பியில அதப் படம் கீறிக்கிட்டு வந்தாரு, இனி அந்த வட்ட லைட்டு மட்டும்தான் பாக்கி!"