அக்கினிச்சட்டியும் பொற்கொடியின் இடது கையும்

சிலமலை,
சித்திரை 9.

அன்புள்ள மாப்பிள்ளை பாண்டியராஜனுக்கு, மச்சான் மொக்கச்சாமி எழுதிக்கொண்டது. திருப்பூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் அக்கா பொற்கொடி சுகம். நான் சுகமா என்று கேட்க ஆளில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். போனை எடுத்தாலே உன் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால் தபால்.

போன ஐப்பசியில் மதுரையில் அவளுக்கு மார்பில் ஆபரேஷன் செய்து, இடது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள் அல்லவா, அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கலாம், வந்தபின் விரட்டுவதைவிட வராமல் பார்ப்பது நல்லது என்று சொல்லி, அனுப்பிரியா என்கிற பிசியோதெரபிப் பெண் ஒரு காகிதம் கொடுத்தது. அந்தக் கையில் ஊசி கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, இறுக்கமாக எதுவும் கூடாது, கனம் தூக்கக் கூடாது, சூடு, கீறல், பூச்சிக்கடி படக் கூடாது, தோல் வெடிக்காமல் பசையோடு இருக்க வேண்டும். வளையலை எல்லாம் வலது கைக்கு மாற்றினேன், இப்போது அவள் நடந்தால் மாட்டுவண்டி வருகிற சத்தம். போடியில் ஒரு நர்சம்மா இடது கையில் பட்டையைச் சுற்றப் போக, நான் போட்ட சத்தத்தில் மிரண்டு எனக்குப் பிரஷர் பார்த்தது. எனக்குத்தான் கூடுதலாம், மாத்திரை தந்து அனுப்பினார்கள்.

மலைக்குக் காய் எடுக்கப் போகாதே, ஏலச்செடிக்குள் அட்டை கிடக்கும் என்றேன். குடம் தூக்காதே, துணி பிழியாதே, மாவு பிசையாதே என்று எல்லாச் சோலியையும் நானே பார்த்தேன். என் சமையலைத் தின்றுகொண்டு, கையைத் தலையணை மேல் வைத்தபடி மூன்று வாரம் உட்கார்ந்திருந்தாள், பாவம். மறுபடி மதுரை போனால் அனுப்பிரியா என்னைப் பிடித்துக் காய்ச்சியது. கையை ஆட்டாமல் வைத்திருப்பதும் கெடுதலாம், சின்ன வேலைகளை அவளே செய்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டுமாம், தினமும் விரலால் சுவரில் ஏறிக் கையை உயர்த்திப் பழக வேண்டுமாம். இதைக் காகிதத்தில் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். போட்டிருந்ததாம், பின்பக்கத்தில். பின்பக்கத்தில் நான் சோற்றுப் பசை தடவிப் பீரோவில் ஒட்டியிருந்தேன்.

ஞாயிறுதோறும் கையை டேப்பால் அளக்கிறேன். போன மாதம் ஒரே வாரத்தில் ஒரு அங்குலம் கூடிவிட்டது. உடனே ஜீப்பு பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனேன். அனுப்பிரியா கையைப் பார்த்தது, பிறகு டேப்பைப் பார்த்தது. அதில் முதல் அங்குலம் பிய்ந்து போயிருந்தது. எங்கள் டேப்பு காணாமல், அந்த வாரம் மட்டும் தையல்கார கற்பகத்திடம் இரவல் வாங்கின டேப்பு அது. வருகிற வழியெல்லாம் உன் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள்.

இதையெல்லாம் தாங்கிவிட்டேன். இப்போது வந்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஆபரேஷனுக்குப் போகும்போது நம்ம மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாளாம். வருகிற செவ்வாய் காப்புக் கட்டு. பொம்பளைக்குக் காப்பு இடது கையில். மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி எட்டு நாள் அவிழ்க்கக் கூடாது, அப்புறம் எரிகிற சட்டியை வேப்பிலை வைத்து ரெண்டு கையிலும் ஏந்திக் கோயில்வரை நடக்க வேண்டும். இறுக்கம், சூடு, கனம் என்று காகிதத்தில் கூடாதென்று போட்ட மூன்றும் இந்த ஒரே நேர்த்திக்கடனில் இருக்கின்றன. கெஞ்சிப் பார்த்தேன். "கைய ஆத்தா பாத்துக்கிருவா" என்கிறாள். ஆத்தா பாத்துக்கிருவா, டேப்பை யார் பார்ப்பது? பூசாரி வெள்ளைத்துரையிடம் ஓடினேன். நேர்ந்தவுக எடுக்கணும், முடியலைன்னா யாருக்காக நேர்ந்ததோ அவுக எடுக்கணும், மூணாவது ஆளுக்கு உத்தரவில்லை என்றுவிட்டார். நேர்ந்ததும் இவள், நேர்ந்தது இவளுக்காக. திரும்பி வந்தேன்.

மாப்ளே, எனக்குப் பயமா இருக்கு. அந்தக் கை ஒருதடவ வீங்கிருச்சுன்னா பழையபடி ஆக்குறது பெரும்பாடுன்னு சொல்லியிருக்காக. குரங்கணி மலைக்குக் காயெடுக்க ஆள் ஏத்திக்கிட்டு நான் ஜீப்பு ஓட்டுன காலத்துல, அவ ரெண்டு கையும் செடிக்குள்ள ஓடுற வேகத்தப் பாத்துத்தான் உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தேன். நீ சொன்னா மட்டும் கேப்பா. செவ்வாய்க்கு முன்னாடி வெரசா வந்து எப்படியாவது தடுத்துரு.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அசந்துபோன
மொக்கச்சாமி.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். "எனக்காக நேந்தேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் அவளை உள்ளே கொண்டுபோகும்போது, நான் வராந்தாவில் தரையோடு உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறாள். டீ வாங்கப் போனேன் என்று உன்னிடமும் அவளிடமும் சொன்னது பொய். "என்னையப் பாக்க டாக்டரு இருக்காரு. இந்த மனுசனைப் பாக்க யாரு இருக்கா? இவரு எந்திரிச்சு நல்லபடியா நடமாடணும், சட்டி எடுக்குறேன்னு ஒங்களுக்குத்தான் நேந்தேன்" என்றாள். பூசாரியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சட்டி எனக்கு, ஆம்பளைக்குக் காப்பு வலது கையில். சூடான டம்ளரைத் துண்டில்லாமல் பிடித்தறியாதவன் நான். ஆகவே அவளைத் தடுக்க நீ வர வேண்டாம். என் கூட நடக்க வா.