விசாரிக்க வந்த ஏட்டையா

"நீங்க சொல்லிக் குடுத்தபடியே சொல்லிட்டேன் தம்பி. குடி, சீட்டு, மாசத்துக்கு ரெண்டு தடவை வலிப்பு. ஒண்ணையும் விடல!" என்றான் டீக்கடைப் பிச்சைமுத்து.

பிலோமின்ராஜ் சிரித்தான். "கேட்டவரு தலைதெறிக்க ஓடிட்டாரா?"

"ஓடிட்டாரு. அப்புறந்தான் பக்கத்துல நின்னவங்க சொன்னாங்க, அவரு ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் ஏட்டு தைரியராஜாம்."

பிலோமின்ராஜ் பாதி டீயோடு கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தான்.

ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்க அவன் விண்ணப்பித்து, உதவித்தொகையோடு இடமும் கிடைத்தாயிற்று. பாஸ்போர்ட்தான் பாக்கி. உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை, போகிறவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. அவன் அம்மா அற்புதம்மாளோ, பிள்ளை வெள்ளைக்காரியோடு வந்து நிற்பானே என்ற பயத்தில் திருச்சி முழுக்கப் பெண் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் குடியிருந்த பாலக்கரையில் பெண் வீட்டார் பையனைப் பற்றி முதலில் விசாரிப்பது தெருமுனை டீக்கடையில்தான். அதற்காகத்தான் பிச்சைமுத்துவுக்கு அந்தப் பாடம். இதுவரை மூன்று சம்பந்தங்கள் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தன.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்கும் போலீசும் மஃப்டியில் அதே கடைக்குத்தான் வரும் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஐயையோ! குடிகாரனுக்கு எவன்யா பாஸ்போர்ட் குடுப்பான்? ஓடு! நீ சொன்னது வேற பிலோமின்ராஜைன்னு சொல்லிட்டு வா!"

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போன பிச்சைமுத்து, வெளிறிப்போய்த் திரும்பினான்.

"'வேண்டாம்னு முடிவே பண்ணிட்டேன், இப்ப வந்து மாத்திப் பேசுறியா?'ன்னு மொறைச்சாரு தம்பி. நாளைக்கு வீட்டுக்கே வர்றாராம். உங்கள நேர்ல பாக்கணுமாம்."

அதன்பிறகு பிலோமின்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் சைக்கிள் மணி அடித்தால்கூட விலங்கு குலுங்குவதுபோல் இருந்தது.

மறுநாள் ஏட்டையா வந்தார். முதலில் மீசை நுழைந்தது, பிறகு அவர். அற்புதம்மாள் ஓடி ஓடிக் காபியும் அச்சுமுறுக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிப்பியா?"

"பூசையில சாமியார் குடிக்கிற திராட்சை ரசத்தைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்தும் சார்!"

"சீட்டு?"

"ராஜா எது, ராணி எதுன்னே தெரியாது சார்!"

"வலிப்புன்னாங்களே?"

பிலோமின்ராஜ் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மூச்சு முட்ட இருபது தண்டால் எடுத்தான். ஏட்டையா குனிந்து அவன் புஜத்தை அமுக்கிப் பார்த்தார்.

"பல்லைக் காட்டு."

காட்டினான். லாக்கப்பில் எத்தனை பல் மிஞ்சும் என்ற நினைப்பில் அவை தாமாகவே தந்தியடித்தன.

"ரஷ்யாவுக்குப் போயி, அங்கேயே ஒருத்தியக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துடுவியா?"

பாய்ந்து போய் இருதய ஆண்டவர் படத்தின்மேல் கை வைத்தான். "சத்தியமா மாட்டேன் சார்! படிப்பு முடிஞ்ச மறுநாளே பாலக்கரைக்கு வந்துடுவேன். கட்டினா நம்மூர்ப் பொண்ணத்தான் சார் கட்டுவேன்!"

மீசைக்குக் கீழே முதல்முறையாகச் சிரிப்பு தெரிந்தது.

"எனக்குப் பரம திருப்தி."

அற்புதம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிலோமின்ராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப பாஸ்போர்ட் வந்துடுமா சார்?"

ஏட்டையா அவன் சட்டையை எடுத்து, தூசி தட்டி, தாமே அவன் தோளில் போட்டார்.

"அதை விசாரிக்க உங்க பாலக்கரை ஸ்டேஷன்லேருந்து ஆள் வருவாங்க, ஸ்ரீரங்கம் ஏட்டுக்கு அதுல என்ன வேலை? நான் உங்கம்மா உனக்குப் பார்த்திருக்கிற செல்வமேரியோட அப்பா. வர்ற ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்கு அறிவிக்கச் சொல்லிடலாம், மாப்பிள்ளை!"